கட்டம்போட்ட சட்டை

நெல்லையப்பனின் சட்டை ஊர்ந்துகொண்டிருந்தது.

அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் எபனேசரின் ஸ்டூடியோவில், டி.வி. பெட்டிக்குள், அவருடைய சட்டை மட்டும் உயிரோடிருந்தது. தோளில் ஒரு பச்சை அலை கிளம்பி, நெஞ்சில் ஊதாவாக மாறி, பொத்தான்களைத் தாண்டிச் சட்டைப்பைக்குள் நுழைந்து மறைந்தது. உடனே தோளில் இன்னொன்று கிளம்பியது. முகத்தில் சல்லடையைக் கவிழ்த்தாற்போல் ஒரே புள்ளி.

"யம்மா, அப்பா சட்டைக்குள்ள என்னமோ ஓடுது" என்றாள் ப்ரீதா.

"ஏட்டி, சும்மா இரு." கோமு நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "அது என்னது தம்பி, எறும்பா?"

"எறும்பு இல்லம்மா" என்றான் எபனேசர். "நீங்க குடுத்தது பேப்பர்ல வந்த படம்லா? அச்சடிச்ச படம் எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். டி.வி. கோடு கோடா இருக்கும். புள்ளியும் கோடும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்தா இப்படித்தான் அலையடிக்கும். அதுல சார் வேற பொடிக் கட்டம்போட்ட சட்டை போட்டிருக்காரு."

"அவுக எப்பவும் கட்டம்தான்" என்றாள் கோமு. நெல்லையப்பன் டவுனில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர். கடையில் எது விற்கிறதோ அதைத்தான் உடுத்துவார். அங்கே விற்றது பொடிக் கட்டம்.

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம் பெருமூச்சு விட்டாள். "எப்படி நறுவிசா உடுத்துன மனுசன். அவரு சட்டையில போய் அலையடிக்குதே!"

விஷயம் இதுதான். ஆவணியில் ப்ரீதாவுக்குக் கல்யாணம். வண்ணார்பேட்டை மண்டபத்தில், மேடை தெரியாத மூலைகளில் எல்லாம் டி.வி. வைத்து நடப்பதை அப்படியே காட்டுவதாக ஏற்பாடு. தாலி கட்டுவதற்கு முன்னால் அந்த டி.வி.களில் நெல்லையப்பனின் முகம் தோன்றி மகளை ஆசீர்வதிக்க வேண்டும் என்று கோமு ஆசைப்பட்டாள். "கம்ப்யூட்டர் இருக்கும்மா, ஜோராப் பண்ணிரலாம்" என்று எபனேசர் சொல்லிவிட்டான்.

தொண்ணூற்றெட்டில் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எபனேசரிடம் அது வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதில் அவனுக்குத் தெரியாதது நிறைய இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், 'முடியாது' என்ற சொல் அவன் வாயில் வராது.

"வேற படம் இருக்காம்மா? வீட்டுல மாலை போட்ட படம்?"

"இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் நினைவஞ்சலி போடப் பேப்பர்காரனுக்குக் குடுத்தோம். திருப்பித் தரலை."

"ஆமா, இப்போ சுவத்துல ஆணி மட்டும்தான் இருக்கு" என்றாள் ப்ரீதா தலையைக் குனிந்துகொண்டு.

"திருப்பித் தரவே இல்ல தம்பி" என்று மும்தாஜ் பேகமும் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆல்பம்?"

"தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல ஆத்தோட போச்சு."

எபனேசர் தலையைச் சொறிந்தான். "சரிம்மா. பண்ணிரலாம்."

அடுத்த முறை அவர்கள் வந்தபோது சட்டை ஊரவில்லை. எபனேசர் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, மொத்தமாக மங்கலாக்கியிருந்தான். புள்ளி போயிற்று. அலை போயிற்று. கூடவே நெல்லையப்பனும் போய்விட்டார். பனிமூட்டத்துக்குள் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது யாரு?" என்று கேட்டாள் கோமு.

"சார்தாம்மா."

"மீசை எங்க?"

எபனேசர் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். "இங்கன இருக்கும்மா. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தாத் தெரியும்."

மூன்று பேரும் வாசல் வரை பின்னால் போய் நின்று பார்த்தார்கள்.

"ரேஷன் கடைக்காரர் மாதிரில்லா இருக்கு?" என்றாள் மும்தாஜ் பேகம்.

"அந்த ஆளா என் மகளை ஆசீர்வாதம் பண்ணணும்?" என்றாள் கோமு.

எபனேசர் சென்னையில் இதே தொழில் செய்யும் ஒரு நண்பனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். 'படத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஏற்று. புள்ளியும் கோடும் ஒரே வரிசையில் விழாது. அலை அடங்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் நிமிர்த்திக்கொள்' என்றான் நண்பன். எபனேசர் சாய்த்தான். அலை அடங்கியது. நிமிர்த்தினான். நிமிர்த்துகிற வித்தையில்தான் அவன் இன்னும் தேறவில்லை. மீசை ரம்பப் பல்லாகிவிட்டது, காது படிக்கட்டாகிவிட்டது. சாய்த்தபடியே விட்டால் முகம் பார்க்க நன்றாக இருந்தது. ஆகவே சாய்த்தபடியே விட்டான்.

கோமு நெடுநேரம் பார்த்தாள். "அவுக ஏன் சரிஞ்சு நிக்காக?"

"அது ஒரு ஸ்டைலும்மா. இப்போ எல்லாப் பத்திரிகையிலயும் இப்படித்தான்."

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாம் இருக்கையில, பெண்ணைப் பெத்தவர் தள்ளாடிக்கிட்டு வந்து ஆசீர்வாதம் பண்ணுதாருன்னு பேச்சு வரவா? அவுக ஆயுசுல ஒரு சொட்டுத் தொட்டதில்ல தம்பி."

"பால்கூட சீனி போடாமத்தான் குடிப்பாரு" என்றாள் மும்தாஜ் பேகம்.

எபனேசருக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் கட்டங்கள் தெரிந்தன. அவன் மனைவி ரீபா உடுத்தியிருந்த சுங்கடிச் சேலையைப் பார்த்து, "அந்தப் புள்ளி டி.வி.யில ஆடுமே" என்றான் ஒருநாள். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை. கோமுவின் வீடு இருக்கும் பேட்டையில் அவன் எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறான். நெல்லையப்பன் ஏதாவது ஒன்றுக்கு வந்திருக்க மாட்டாரா? பரணிலிருந்து பழைய கேசட்டுகளை இறக்கி ஓடவிட்டுப் பார்த்தான். கிடைத்துவிட்டார். பந்தியில், தூணுக்குப் பக்கத்து இலையில், கட்டம்போட்ட சட்டையோடு அமர்ந்து வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம். தெளிவான முகம். எபனேசர் அந்த இடத்தில் படத்தை அப்படியே நிறுத்தினான்.

நெல்லையப்பன் நிற்கவில்லை. அவருடைய கை மட்டும் இலைக்கும் வாய்க்கும் நடுவே கிடுகிடுவென்று போய்வந்தது. வாய் திறந்து மூடி, திறந்து மூடி, முடிவில்லாமல் சாப்பிட்டார்.

கோமுவும் மும்தாஜ் பேகமும் ப்ரீதாவும் முன்னால் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன தம்பி இது, இப்படி அவக்கு அவக்குன்னு!" என்றாள் கோமு.

"டி.வி. ஒரு படத்தை ஒரே மூச்சுல வரையாதும்மா. முதல்ல ஒண்ணாவது கோடு, மூணாவது கோடுன்னு ஒத்தைக் கோடா வரைஞ்சிட்டு, அப்புறம் ரெண்டாவது, நாலாவதுன்னு ரெட்டைக் கோட்டை வரையும். அந்த இடைவெளியில சார் கை நகந்திருச்சு. ஒத்தைக் கோட்டுல கை இலையில இருக்கு. ரெட்டைக் கோட்டுல வாயில இருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டுது."

"ஒண்ணை எடுத்துப்போடுங்க."

எபனேசர் ஒற்றைக் கோடுகளை எடுத்துவிட்டு, ரெட்டைக் கோடுகளையே இரட்டித்துப் போட்டான். கை நின்றது. நெல்லையப்பன் வாயைப் பிளந்து, வடையை உள்ளே தள்ளும் கோலத்தில் உறைந்து நின்றார். பாதிக் கோடு போய்விட்டதால் மூக்குக்கண்ணாடியும் கன்னமும் படி படியாக உடைந்திருந்தன.

ப்ரீதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சிரித்து, அப்படியே அழுதுவிட்டாள். "அப்பா வடைன்னா அப்படித்தான்" என்றாள் விசும்பலுக்கு நடுவே.

கோமு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா" என்றான் எபனேசர் மெதுவாக. "அசல் போட்டோ ஒண்ணு கிடைச்சா முடிச்சிரலாம். சொந்தக்காரங்க யாருகிட்டயும் இருக்காதா?"

"சித்தப்பாகிட்ட இருக்கும்" என்றாள் ப்ரீதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவுகதானே கேமரா வெச்சிருந்தாக."

"ஏட்டி! அந்தப் பேச்சு எடுக்காத."

எபனேசருக்கு ஒன்றும் புரியவில்லை. ப்ரீதாதான் சொன்னாள். நெல்லையப்பனின் தம்பி ஐயம்பெருமாளுக்குப் படம் எடுக்கிற பைத்தியம். பத்து வருஷத்துக்கு முன்னால் ப்ரீதாவின் சடங்குக்குக் குடும்பத்தையே வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கழுவி வந்தபோது எல்லோரும் இருந்தார்கள், நெல்லையப்பனுக்கு மட்டும் தலை இல்லை. கட்டம்போட்ட சட்டையோடு கழுத்து முடிந்துவிட்டது. 'வேணும்னே என் தலையை எடுத்துட்டான்' என்றார் அண்ணன். 'நீரு ஏன் நிமிந்து நின்னீரு' என்றார் தம்பி. வார்த்தை தடித்தது. 'உம்ம வாசப்படி மிதிச்சா நான் ஐயம்பெருமாள் இல்ல' என்று கிளம்பிப் போனவர்தான். அண்ணன் இறந்தபோதுகூட வீட்டுக்கு வரவில்லை. நேரே ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வந்து, தள்ளி நின்று, ஆற்றில் முங்கிவிட்டு ஈரவேட்டியோடு பஸ் ஏறிவிட்டார்.

"நான் போய்க் கூப்பிட முடியாது தம்பி" என்றாள் கோமு. "'நான் இருந்தாலும் செத்தாலும் நீ போய் அவனைக் கூப்பிடக் கூடாது'ன்னு அவுக என் கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காக. மீற மாட்டேன். எங்க கல்யாணப் பத்திரிகையும் அந்தப் பக்கம் போகலை."

"நான் போய்க் கேக்கட்டுமா?"

"உங்க இஷ்டம். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." கோமு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினாள். "களக்காட்டுல இறங்கி வாழைத்தார் மண்டிக்கு அடுத்த சந்துல மஞ்சக் கதவு. மத்தியானம் தூங்குவாக, காலையிலயே போயிருங்க. சுக்குக் காப்பின்னா பிடிக்கும், குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க. எனக்கென்ன தெரியும், கேள்விப்பட்டதுதான்."

எபனேசர் மறுநாளே கிளம்பினான். சேரன்மகாதேவி தாண்டி வயல்காற்று முகத்தில் அடித்தபோது, இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக, கட்டமும் கோடும் இல்லாத ஒரு பச்சையைப் பார்த்தான். கொஞ்சம் கண்ணசந்தான்.

மஞ்சள் கதவைத் தட்டினான். கதவு திறந்ததும் ஓர் அடி பின்னால் வைத்தான். டி.வி.யில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்ட அதே மூக்கு, அதே மீசை, அதே மூக்குக்கண்ணாடி. ஆடாமல் அசையாமல் நின்றது.

"யாரு வே?"

"பாளையங்கோட்டையிலேர்ந்து வருதேன் அண்ணாச்சி. பேட்டை நெல்லையப்பன் சார் படம் ஒண்ணு…"

"அந்த ஆளு பேச்சு இங்கன எடுக்கக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. எபனேசர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கதவு மறுபடி திறந்தது.

"என்ன படம்?"

எபனேசர் சொன்னான். ஊர்ந்த சட்டை, பனிமூட்டம், சாய்ந்து நின்றது, வடை தின்றது எல்லாம் சொன்னான். ஐயம்பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். அவர் மனைவி உலகம்மாள் உள்ளேயிருந்து சுக்குக் காப்பியோடு வந்தாள்.

"மாப்பிள்ளை எந்த ஊரு தம்பி?"

"நீ உள்ள போ" என்றார் ஐயம்பெருமாள். அவள் போனதும், "எந்த ஊருன்னு சொல்லும். கேக்காள்லா" என்றார்.

"அம்பாசமுத்திரம் அண்ணாச்சி. வாத்தியார் வேலை."

"பிள்ளைக்குப் பிடிச்சிருக்காமா?"

"அது… சந்தோசமாத்தான் இருக்காவ."

"உலகம்மா கேப்பா, அதான்."

பிறகு அவர் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கி வந்து திறந்தார். உள்ளே முழுக்க அண்ணன். அண்ணன் ஆற்றில் குளிக்கையில், அண்ணன் சைக்கிளைத் துடைக்கையில், கைக்குழந்தை ப்ரீதாவை அண்ணன் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கையில். எல்லாப் படத்திலும் தலை இருந்தது.

"அன்னைக்குப் பின்னாலேருந்து எவனோ இடிச்சுட்டான், வே" என்றார் ஐயம்பெருமாள், பெட்டிக்குள் பார்த்தபடி. "கேமரா ஆடிருச்சு. ஒரே ஒரு படம். அதைச் சொல்லலாம்னா, அவரு கத்துன கத்துல எனக்கும் கோவம் வந்திருச்சு. அப்புறம் சொல்லிக்கிடலாம், சொல்லிக்கிடலாம்னு…"

எபனேசர் காப்பியைக் குடித்தான்.

"இதுல ஒண்ணைக் குடுங்க அண்ணாச்சி. பத்திரமாத் திருப்பித் தந்துருதேன்."

"படம் வெளிய போவாது." பெட்டியைச் சாத்தினார். "நானே கொண்டாருதேன். என் கண்ணு முன்னால பாத்து எடுத்துக்கிடும்."

சொன்னபடியே அவர் ஒரு சனிக்கிழமை மடியில் தகரப்பெட்டியோடு ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்தார். பளிச்சென்ற அசல் படங்கள். எபனேசர் அதில் ஒன்றை எடுத்தான். நெல்லையப்பன் நேரே பார்த்துச் சிரிக்கிற படம். ஸ்கேனரில் வைத்து ஏற்றி, நம்பிக்கையோடு டி.வி.யைப் போட்டான்.

இதுவரை ஊர்ந்த சட்டை இப்போது கொதித்தது. படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவாக ஒவ்வொரு கட்டமும் துடித்தது. மூக்குக்கண்ணாடியின் விளிம்பு மின்மினிபோல் அணைந்து அணைந்து எரிந்தது.

ஐயம்பெருமாள் எழுந்துவிட்டார். "ஏம்வே! எங்க அண்ணனைப் போட்டு இப்படியா ஆட்டுவீரு? மனுசன் உயிரோட இருக்கையில ஒரு நாள் நடுங்கினதில்ல!"

"அண்ணாச்சி, உக்காருங்க. பைய சொல்லுதேன்." எபனேசருக்கே அழுகை வரும்போலிருந்தது. "சட்டைக் கோடு ரொம்ப மெலிசு. டி.வி. ஒத்தைக் கோடு வரையும்போது அது இருக்கு. ரெட்டைக் கோடு வரையும்போது இல்ல. இருக்கு, இல்ல, இருக்கு, இல்ல. அதான் துடிக்குது."

"வேற சட்டை?"

இருவரும் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். ஆற்றில் குளிக்கிற படத்தைத் தவிர எல்லாவற்றிலும் கட்டம்தான். ஆற்றில் குளிக்கிற படத்தில் சட்டையே இல்லை.

"இது ஆகாது" என்றார் ஐயம்பெருமாள். "சம்பந்தி வீட்டுக்காரங்க பாப்பாங்க."

எபனேசர் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான். இதுவரை மங்கலாக்கியது மொத்தப் படத்தையும். சட்டையை மட்டும் மங்கலாக்கினால் என்ன? முகத்தைத் தொடாமல், சட்டையை மட்டும் வெட்டியெடுத்து, அந்த மெல்லிய கோடுகளை மேலும் கீழுமாக லேசாகக் கலைத்துவிட்டால்? மூக்குக்கண்ணாடி விளிம்பையும் ஒரு மயிரிழை தடிப்பாக்கிவிட்டால்?

மௌஸைப் பிடித்து ஓரம் வரைய ஆரம்பித்தான். ஐயம்பெருமாள் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

"பைய, பைய. அது சட்டைக் காலர் இல்ல, கழுத்து. நாடிக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கு பாரும், அதைத் தொட்டுராதியும். சின்னதுல எனக்கு மாங்கா பறிக்க ஏறி விழுந்தது."

"விட்டுட்டேன் அண்ணாச்சி."

"காதுக்குப் பக்கத்துல ஒரு நரை. அது இருக்கட்டும்."

மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. சாயங்காலம் வெயில் சாய்கிற நேரத்தில் எபனேசர் மறுபடி டி.வி.யைப் போட்டான்.

நெல்லையப்பன் நேரே பார்த்துச் சிரித்தார். சட்டை சட்டையாக இருந்தது. அலை இல்லை, துடிப்பு இல்லை. மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"ஆடலை" என்றான் எபனேசர், நம்ப முடியாமல்.

ஐயம்பெருமாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு டி.வி.க்கு முன்னால் போய் நின்றார். "என்னண்ணே" என்றார் பெட்டியைப் பார்த்து.

எபனேசர் டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். டீ வாங்கிக்கொண்டு, ஆறுகிறவரை தெருமுனையிலேயே நின்றான்.

திரும்பி வந்தபோது ஐயம்பெருமாள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். முகம் கழுவியிருந்தார்.

"இதே டி.வி.யா மண்டபத்துலயும்?"

"இல்ல அண்ணாச்சி, அது வாடகை டி.வி."

"அதுல ஆடுனா?"

"ஆடாது."

"நீரு என்னத்த கண்டீரு. நான் வந்து பாக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "மண்டபம் அவரு வீடு இல்லல்லா? அவரு வாசப்படி அங்க இல்ல. நான் கல்யாணத்துக்கு வரலை. உம்ம ஆளா வருதேன். லைட்டுப் பிடிக்கேன்."

கல்யாணத்தன்று விடியற்காலையில் ஐயம்பெருமாள் மண்டபத்துக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் எபனேசரின் விளக்கைத் தூக்கிக்கொண்டார். உலகம்மாளும் வந்திருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை, தலை கொள்ளாத பிச்சிப்பூ, காதில் கல்தோடு.

"அக்கா, நீங்க?" என்றான் எபனேசர்.

"நான் வயரு பிடிக்க வந்தேன்" என்றாள் அவள். கம்பீரமாக வயர்ச் சுருளை வாங்கி முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

மேடையில் குருக்கள் கோமுவைத் தேடி இரண்டு மூன்று தடவை ஆள் அனுப்பினார். "தாரைவார்த்துக் கொடுக்க யாரும்மா? பெண்ணுக்குத் தகப்பனார் ஸ்தானத்துல தம்பதியா உக்காரணுமே." ஒவ்வொரு தடவையும் கோமு, "வருவாக, சாமி. நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க" என்றே பதில் சொன்னாள். நேரம் நெருங்க நெருங்க மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ப்ரீதாவின் முகம் குனிந்தே இருந்தது.

எபனேசர் பொத்தானை அழுத்தினான்.

மண்டபத்திலிருந்த எல்லா டி.வி.யிலும் ஒரே சமயத்தில் நெல்லையப்பன் தோன்றினார். கட்டம்போட்ட சட்டையில், காதோரத்து நரையோடு, நாடித் தழும்போடு, மகளைப் பார்த்துச் சிரித்தார். நாகஸ்வரக்காரர்கூட ஒரு மூச்சு நிறுத்தினார். "நெல்லையப்பன்லா!" என்று யாரோ பின்வரிசையில் சொன்னார்கள். ப்ரீதா நிமிர்ந்து பார்த்தாள்.

படம் ஆடவில்லை. ஐயம்பெருமாள் பிடித்திருந்த லைட்தான் ஆடியது.

கோமு மேடையோரம் வந்து அவருக்கு எதிரே நின்றாள். பத்து வருஷம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை, "தம்பி, லைட்டைக் கீழ வையுங்க" என்பதுதான்.

"வீடியோவுக்கு வெளிச்சம் வேணுமே, மதினி."

"இருக்க வெளிச்சம் போதும். பிள்ளை காத்துக்கிட்டிருக்கா."

அவர் டி.வி.யைப் பார்த்தார். பிறகு ப்ரீதாவைப் பார்த்தார். அவள் "சித்தப்பா" என்று கையை நீட்டினாள். அவர் லைட்டை எபனேசரிடம் கொடுத்துவிட்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, மணைப் பக்கம் திரும்பினார். அங்கே உலகம்மாள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். வயர்ச் சுருள் மட்டும் இன்னும் முழங்கையில் இருந்தது.

தாரைவார்க்கும்போது மகளின் கைமேல் விழுந்த தண்ணீரில் எவ்வளவு செம்பிலிருந்து வந்தது, எவ்வளவு ஐயம்பெருமாளின் கண்ணிலிருந்து வந்தது என்று எபனேசரின் வீடியோவில் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் கேமராவும் கொஞ்சம் ஆடியிருக்கிறது.

பந்தியில் ஐயம்பெருமாள் நின்று பரிமாறினார். தட்டு தட்டாக வடை போனது. சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பும்போது, அவர் கோமுவிடம், "மதினி, நாளைக்கு மறுவீட்டுச் சாமானெல்லாம் பேட்டைக்கு நானே வண்டியில கொண்டாந்து இறக்கிருதேன்" என்றார். "யாரு வாசப்படியில?" என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

எபனேசர் களைப்போடு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. இத்தனையும் தன் கம்ப்யூட்டரால் நடந்தது என்று நினைத்துக்கொண்டான். அந்தப் பேப்பர்காரன் மட்டும் படத்தைத் தொலைக்காமல் இருந்திருந்தால்?

மண்டபத்து வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மும்தாஜ் பேகம் இறங்கி, போர்வையில் சுற்றிய அகலமான ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் இழுத்தாள். போர்வை நழுவியது. உள்ளே கண்ணாடி போட்ட பெரிய படம். வெள்ளைச் சட்டையில் நெல்லையப்பன். ஒரு புள்ளி இல்லை, ஒரு கட்டம் இல்லை.

எபனேசரின் கையிலிருந்த வயர்ச் சுருள் அவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது.

"ஒரு கை பிடிங்க தம்பி" என்றாள் மும்தாஜ் பேகம். "'கொழுந்தன் களக்காட்டுலேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் உன் பீரோவுக்குப் பின்னாலயே இருக்கட்டும்'னு, உங்ககிட்ட வீடியோ பேச வந்த அன்னைக்குக் காலையிலேயே கோமு இதை எங்க வீட்டுல கொண்டாந்து வெச்சுட்டா."